சந்தன வேம்பு நாற்றுகள் ஏன் ஒரே அளவாக வளர்வதில்லை?

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறேன். நிழலுக்கும் பிற்பாடு மர வருமானத்துக்குமாகச் சந்தன வேம்பு நட நினைத்து, எல்லையில் தனியாக நிற்கும் ஒரு மரத்தில் விதை எடுத்து விதைத்தேன். நான்கு மாதத்தில் சில நாற்றுகள் முழங்கால் உயரம். சில ஒரு சாண்கூட இல்லை. உயரமானவற்றை மட்டும் நட்டால் போதுமா?

பதில்: போதாது. உயரம் பாதி உண்மையைத்தான் சொல்லும்.

சிவப்பு சிடார் என்று மர வியாபாரத்தில் பெயர் பெற்ற இந்த மரம் (டூனா சிலியேட்டா) உண்மையான சிடாரான தேவதாருவுக்கு உறவில்லை, வேம்புக் குடும்பத்தைச் சேர்ந்தது. விதை மிகச் சிறியது. ஒரு கிலோவில் லட்சக்கணக்கில் இருக்கும். அதில் சேமிப்பு உணவு குறைவு என்பதால், நாலைந்து நாள் முந்தி முளைத்தது இலை விரித்துப் பக்கத்து நாற்றின் வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். நெருக்கமாக விதைத்த பாத்தியில் அந்தச் சின்ன முந்தல் நாளுக்கு நாள் பெருகும். நிழல்வலையின் ஓரம், தண்ணீர் தேங்கும் மூலை, பையில் நிரப்பிய மண் எல்லாம் இதோடு சேரும். இவை எதுவும் மரபுக் குணம் இல்லை.

அப்படியானால் மரபுக்குப் பங்கே இல்லையா? நிறைய உண்டு. தாய் ஒன்றே என்றாலும் பூச்சிகள் கொண்டுவந்த மகரந்தம் பல மரங்களுடையதாக இருக்கலாம். அப்படிப் பிறந்த நாற்றுகளில், அடுத்த தலைமுறைக்குக் கடத்தக்கூடிய வேறுபாட்டில் ஏறக்குறைய கால் பங்குதான் தாய்க்குத் தாய் தெரியும். மீதி முக்கால் பங்கு ஒரே தாயின் பிள்ளைகளுக்குள்ளேயே கிடக்கும். அதனால் ஒரு மரத்து விதை ஒரே சீராக வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை தருவது அந்தத் தனிமரம்தான். அக்கம்பக்கத்தில் துணை மரம் இல்லையென்றால் தன் மகரந்தத்திலேயே காய்த்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த விதையில் சவலை நாற்றுகள் கூடுதலாக வரும். இன்று நன்றாக நிற்பதும் பின்னால் தளரலாம். அடுத்த முறை ஒன்றுக்கொன்று நூறு மீட்டராவது தள்ளி நிற்கும் பத்துப் பதினைந்து நல்ல மரங்களில், காய் பழுப்பேறி வெடிக்கும் முன் பறியுங்கள். மரவாரியாகத் தனிப் பொட்டலம் போட்டு எண் எழுதுங்கள். விதையின் முளைப்புத் திறன் சீக்கிரம் போய்விடும், தாமதிக்காமல் விதைத்துவிடுங்கள்.

பைக்கு மாற்றும்போது ஒரு மரத்து நாற்றுகளை ஒரே இடத்தில் குவிக்காதீர்கள். ஐந்து மரம் என்றால், ஒவ்வொன்றிலும் இடத்துக்குப் பத்துப் பையாக நாற்றங்காலின் நான்கு இடங்களில் கலந்து வையுங்கள். மொத்தம் 200 பை. ஆறாம் மாதம் உயரத்தோடு வேர்க்கழுத்தின் (தண்டு வேரோடு சேரும் இடம்) தடிமனையும் அளந்து சராசரி பாருங்கள். நான்கு இடத்திலும் ஒரே மரத்து நாற்றுகள் முந்தினால் அது பரம்பரைக் குணம் என்று நம்பலாம். ஓர் இடத்தில் மட்டும் எல்லாமே முந்தினால் அந்த இடத்தின் சலுகை.

சரி, கையில் இருப்பதை என்ன செய்வது? சாண் உயரத்தைத் தாண்டாதவற்றையும் தண்டு வளைந்தவற்றையும் கழித்துவிடுங்கள். நடுத்தர உயரத்தில் தண்டு தடித்தவற்றை விடாதீர்கள். ஒல்லியாக ஓங்கிய நாற்றைவிட அவை வயலில் தாக்குப்பிடிக்கும். நட்ட பிறகு நுனித் துளைப்பான் புழு குருத்தைத் தின்று கிளை பிரிய வைக்கும். நாற்றங்காலில் முதலிடம் பிடித்தது இதில் தோற்கலாம். அதனால் நெருக்கமாக நட்டு, நேராக எழும்புபவற்றை இரண்டு மூன்று ஆண்டு கழித்து நிறுத்திக்கொண்டு மற்றவற்றைக் களையுங்கள்.