வாசகர் கேள்வி–பதில்: கருவி எந்தப் பொத்தானை அழுத்துகிறது?

கேள்வி: எங்கள் குழுவில் யு.எஃப்.டி. ஒன் என்ற தானியங்கிச் சோதனைக் கருவியைக் கொண்டு ஒரு வலைச் செயலியின் திரைகளைச் சோதிக்கிறோம். செயலியின் புதிய பில்ட் (பதிப்பு) வரும்போதெல்லாம் ‘ஆப்ஜெக்ட் (திரை உறுப்பு) கிடைக்கவில்லை’ என்று பல சோதனை ஸ்கிரிப்டுகள் நின்றுவிடும். சக ஊழியர் ஒருவரின் யோசனைப்படி பதிவான அடையாளம் பொருந்தாதபோது வேறு பண்புகளைக் கொண்டு உறுப்பை ஊகிக்கும் ஸ்மார்ட் ஐடென்டிஃபிகேஷனை எல்லா வகை ஆப்ஜெக்டுகளுக்கும் இயக்கி வைத்தோம், தோல்விகள் குறைந்தன. ஆனால் அண்மையில், வாடிக்கையாளர் விவரத் திரையில் ‘சேமி’ பொத்தானை அழுத்த வேண்டிய ஸ்கிரிப்ட், பக்கத்திலிருந்த வேறொரு பொத்தானை அழுத்திவிட்டுத் ‘தேர்ச்சி’ என்று காட்டியது. எந்த அமைப்பை மாற்ற வேண்டும்?

பதில்: நின்றுபோகும் ஸ்கிரிப்டைவிட, தவறான பொத்தானை அழுத்திவிட்டுத் தேர்ச்சி காட்டும் ஸ்கிரிப்ட் பல மடங்கு ஆபத்தானது. நின்றுபோனால் யாராவது போய்ப் பார்ப்பார்கள். தேர்ச்சி என்று வந்துவிட்டால் அந்தத் திரையை அடுத்த வெளியீடு வரை ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆகவே தோல்விகள் குறைந்ததை வைத்து நிலைமை சரியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம்.

கருவி ஓர் ஆப்ஜெக்டைக் கற்கும்போது, அந்த வகைக்கு நீங்கள் கட்டாயப் பண்புகளாகக் குறித்திருப்பவற்றை, அதாவது மேண்டேட்டரி பட்டியலில் உள்ளவற்றை, முதலில் பதிவு செய்கிறது. திரையில் அதே பண்புகள் கொண்ட வேறொன்றும் இருந்தால், துணைப் பண்புகளின் அசிஸ்டிவ் பட்டியலிலிருந்து ஒவ்வொரு பண்பாகச் சேர்த்து, ஒன்றே ஒன்று மட்டும் மிஞ்சுகிறதா என்று பார்க்கிறது. அப்போதும் தனித்து நிற்காவிட்டால், இத்தனையாவது என்ற வரிசை எண்ணைக் கடைசியாகச் சேர்க்கிறது. ஸ்கிரிப்ட் ஓடும்போது வரிசை எண்ணை விட்டுவிட்டு, பதிவான பண்புகளைக் கொண்டு முதலில் தேடும். ஒன்றும் கிடைக்காவிட்டாலோ, ஒன்றுக்கு மேல் கிடைத்தாலோ, ஸ்மார்ட் ஐடென்டிஃபிகேஷன் இயக்கத்தில் இருந்தால் வேலை அதன் கைக்குப் போய்விடும். அதுவும் கைவிட்ட பிறகே வரிசை எண் பயன்படும்.

உங்கள் திரையில் நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். புதிய பில்டில் ‘சேமி’ என்ற பொத்தான் ‘சேமித்துத் தொடர்’ என்று பெயர் மாறியிருக்கிறது. அதோடு அதற்குப் புதிய கிளாஸும் (தோற்றத்துக்காகச் சூட்டும் வகைப்பெயர்) தரப்பட்டிருக்கிறது. பதிவான பெயரோடு தேடினால் ஒன்றும் கிடைக்காது. உடனே ஸ்மார்ட் ஐடென்டிஃபிகேஷன் தன் அடிப்படை வடிகட்டியைக் கொண்டு திரையிலுள்ள எல்லாப் பொத்தான்களையும் திரட்டுகிறது. அடுத்து, விருப்ப வடிகட்டிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறது. ‘சேமி’ என்ற பெயருக்கு ஒன்றும் மிஞ்சாததால் அந்தப் பண்பையே ஒதுக்கிவிடுகிறது. அடுத்து வருவது கிளாஸ் என்று கொள்வோம். பழைய கிளாஸ் இப்போது ‘வரைவாக வை’ என்ற பொத்தானில் மட்டும் இருக்கிறது. ஒன்றே ஒன்று மிஞ்சிவிட்டது; கருவி அதை அழுத்திவிட்டது. அறிக்கையில் அந்தப் படியின்மேல் ஓர் எச்சரிக்கைக் குறி இருந்திருக்கும். ஆனால் எச்சரிக்கையைத் தோல்வியாகக் கணக்கில் எடுக்காத குழுக்கள்தான் அதிகம்.

எனவே முதல் வேலையாக, டெஸ்டின் செட்டிங்ஸில் ரன் பகுதிக்குச் சென்று ஸ்மார்ட் ஐடென்டிஃபிகேஷனை நிறுத்திவிடுங்கள். தோல்விகள் மீண்டும் தலைதூக்கும்; தூக்கட்டும். உங்கள் ஸ்கிரிப்டுகள் எந்தெந்த இடத்தில் ஊகத்தை நம்பி ஓடிக்கொண்டிருந்தன என்பதை அவை அப்படியே காட்டிக்கொடுக்கும்.

இரண்டாவதாக, கட்டாயப் பண்புகளின் பட்டியலை நீங்களே எழுதுங்கள். ஒரு பண்பைச் சேர்க்கும் முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: திரையின் வடிவமைப்பு மாறினாலும், சொற்கள் திருத்தப்பட்டாலும், இந்தப் பொத்தானின் வேலை மாறாத வரை இந்தப் பண்பும் மாறாமல் இருக்குமா? இந்தக் கேள்விக்கு முன் நிறம், இருப்பிடம், கிளாஸ் எதுவும் நிற்காது. செயலியைக் கட்டப் பயன்படும் ஃப்ரேம்வொர்க் தானாகச் சூட்டும், கடைசியில் எண் ஒட்டிய ஐடியும் நிற்காது, ஏனெனில் பக்கத்தில் ஓர் உறுப்பு கூடினாலே அந்த எண் மாறிவிடும். நிலைத்து நிற்பது டெவலப்பர் வேண்டுமென்றே சூட்டிய பெயர் மட்டுமே. சோதனைக்கென்றே வைக்கும் டேட்டா-டெஸ்ட்-ஐடி போன்ற ஒரு பண்பை முக்கிய உறுப்புகளுக்கெல்லாம் வைத்துத் தரும்படி டெவலப்பர்களிடம் கேளுங்கள். டெஸ்டர்கள் கேட்கத் தயங்கும் உதவி இது, ஆனால் கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும். ஆட்ரிபியூட் என்ற சொல், சாய்கோடு, பண்பின் பெயர் என்ற வடிவில் அதை யு.எஃப்.டி. ஒன்னின் ஆப்ஜெக்ட் ஐடென்டிஃபிகேஷன் பட்டியலிலேயே புதிய பண்பாகச் சேர்க்கலாம்.

மதிப்பின் ஒரு பகுதி மட்டும் மாறுவதாக இருந்தால் ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது மாறும் எழுத்துகளையும் பிடிக்கும் தேடல் வடிவம், போதும். ஆனால் அதை இறுக்கமாக எழுதுங்கள். ‘ஆர்டர் எண் 48213’ என்ற தலைப்புக்கு ‘ஆர்டர் எண் [0-9]+’ என்று எழுதினால் அது ஆர்டர் தலைப்பை மட்டுமே பிடிக்கும். அவசரத்தில் ‘.*’ என்று போட்டுவிட்டால் எல்லாத் தலைப்பும் பொருந்தும்; ஸ்மார்ட் ஐடென்டிஃபிகேஷனை நிறுத்தி மூடிய வாசலை நீங்களே திறந்துவிட்டதாகிவிடும்.

பலரைக் குழப்பும் ஒரு விஷயம் உண்டு. இந்தப் பட்டியல்களை மாற்றினால், அதன் பிறகு கற்கும் ஆப்ஜெக்டுகளுக்கு மட்டுமே மாற்றம் செல்லும். கற்ற ஆப்ஜெக்டுகளைச் சேமித்துவைக்கும் ரெப்பாசிட்டரியில் ஏற்கெனவே இருப்பவை பழைய பண்புகளோடேயே இருக்கும். அவற்றையும் புதுப்பிக்க, அப்டேட் ரன் மோடில் ஆப்ஜெக்ட் விவரங்களைப் புதுப்பிக்கும் தேர்வை இயக்கி ஒருமுறை ஓட்ட வேண்டும். அப்படி ஓட்டும் பில்டில் எல்லா ஆப்ஜெக்டுகளும் சரியாகவே பிடிபடுகின்றன என்று முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் தவறான பொத்தானின் பண்புகளே ரெப்பாசிட்டரியில் ஏறிவிடும்.

‘தேர்ச்சி’ வந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: அழுத்திய பிறகு, பதிவு உண்மையில் சேமிக்கப்பட்டதா என்று உங்கள் ஸ்கிரிப்ட் பார்க்கவில்லை. அந்தச் சரிபார்ப்பையும் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் விண்டோஸ் செயலியில் வெளி நிறுவனம் ஒன்று தயாரித்த திரைக் கட்டுப்பாடுகள் (கன்ட்ரோல்கள்) பயன்படுகின்றன. எழுதும் பெட்டியும் கீழிறங்கு பட்டியலும் கருவிக்கு வகை தெரியாத வெறும் வின்ஆப்ஜெக்டாகவே தெரிகின்றன. திரையில் இடத்தைக் குறிக்கும் ஆயங்களைக் கொடுத்துக் கிளிக் செய்து சமாளிக்கிறோம். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. ஆப்ஜெக்ட் ஐடென்டிஃபிகேஷன் சாளரத்தில் ஸ்டாண்டர்ட் விண்டோஸ் சூழலைத் தேர்ந்தெடுத்து, யூசர்-டிஃபைன்ட் பொத்தான் வழியாக, அந்தக் கட்டுப்பாட்டின் விண்டோஸ் கிளாஸை எழுதும் பெட்டிக்குரிய வின்எடிட் போன்ற ஒரு தரநிலை வகையோடு இணைக்கலாம். பெட்டி உண்மையிலேயே சாதாரண எழுதும் பெட்டியைப் போல நடந்துகொண்டால் மட்டுமே இது பலிக்கும். தன்னைத்தானே வரைந்துகொள்ளும் பட்டியல் ஒன்றை வெறுமனே கீழிறங்கு பட்டியலுக்குரிய வின்காம்போபாக்ஸோடு இணைத்துவிட்டால், பெயர் அழகாகத் தெரியும். ஆனால் ‘செலக்ட்’ என்று சொன்னதும் பிழைதான் வரும்.

அத்தகைய கட்டுப்பாடுகளை விண்டோஸின் இன்ஸ்பெக்ட் கருவியால் திறந்து, ஆட்டோமேஷன்ஐடி என்ற பண்புக்கு மதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதுவே உங்கள் முதல் தேர்வு. திரையின் மொழி மாறினாலும் அது மாறக்கூடாது என்பதே மைக்ரோசாஃப்டின் வரையறை. உடன்பிறப்பு உறுப்புகளுக்குள் மட்டுமே அது தனித்துவமானது, முழுத் திரைக்கும் அல்ல. ஆகவே பெற்றோர் உறுப்பையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள். மதிப்பு இல்லையென்றால் டெவலப்பரிடம் கேளுங்கள். படத்தை ஒப்பிட்டுத் தேடும் முறையைக் கடைசிப் புகலிடமாக வையுங்கள். திரையின் அளவீட்டு விகிதமோ வண்ணத் தீமோ மாறினாலே அது தடுமாறும்.

கேள்வி: பிரவுசரை இயக்கிச் சோதிக்கும் செலினியத்தில், உறுப்பைத் தேட எக்ஸ்பாத் நல்லதா, சி.எஸ்.எஸ். நல்லதா?

பதில்: வேகத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம், சோதனையின் மொத்த நேரத்தில் அந்த வேறுபாடு காணாமல் போய்விடும். 2018 ஜூனில் வலைத் தர அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரையான வெப்டிரைவர் (பிரவுசரை நிரலால் இயக்கும் முறை) தரத்தில் இரண்டுமே இடம்பெற்றுள்ளன. உறுப்புக்குள் எழுதியிருக்கும் சொற்களைக் கொண்டு தேட வேண்டுமானால் எக்ஸ்பாத் வேண்டும்; மற்ற இடங்களில் சி.எஸ்.எஸ். படிக்க எளிது. பக்கத்தின் வேரிலிருந்து ஒவ்வொரு டிவ் உறுப்பாக இறங்கிவரும் முழு எக்ஸ்பாத்தை மட்டும், பிரவுசர் தானே நகலெடுத்துத் தந்தாலும், ஏற்காதீர்கள்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. உறுப்பைத் தேட நீங்கள் கொடுக்கும் லொக்கேட்டருக்கு மூன்று உறுப்புகள் பொருந்தினாலும், செலினியத்தின் ஃபைண்ட்எலிமென்ட் எந்தப் புகாரும் சொல்லாமல் முதலாவதைத் தந்துவிடும். இதே வகைக் கருவியான பிளேரைட்டோ அதே நிலையில் கிளிக் செய்ய மறுத்துப் பிழை காட்டும். செலினியத்திலேயே தொடர்வதாக இருந்தால், ஃபைண்ட்எலிமென்ட்ஸ் கொண்டு எண்ணிப் பார்த்து, ஒன்றுக்கு மேல் இருந்தால் ஸ்கிரிப்டை நிறுத்தும் சிறிய துணைச் செயற்கூறு ஒன்றை எழுதி, குழுவில் எல்லோரும் அதன் வழியாகவே உறுப்புகளைத் தேடும்படி செய்யுங்கள்.

கேள்வி: அடையாளப் பண்புகள் எல்லாம் சரியாக இருந்தும், சில நாட்களில் மட்டும் ‘ஆப்ஜெக்ட் இல்லை’ என்று வருகிறது. ஏன்?

பதில்: சில நாட்களில் மட்டும் என்பதே விடையைச் சொல்லிவிடுகிறது: கோளாறு அடையாளத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. திரை முழுமையாக வருவதற்குள் கருவி தேடி முடித்துவிடுகிறது. இப்படிப்பட்ட தோல்விக்காக லொக்கேட்டரை மாற்றாதீர்கள். மாற்றிய அன்று தற்செயலாக ஓடிவிட்டால், நல்ல பண்பை எடுத்துவிட்டு மோசமானதை வைத்திருப்பீர்கள். குறிப்பிட்ட நொடிகள் தூங்கவைப்பதும் வேண்டாம். உறுப்பு தெரிய வேண்டும், இயங்கும் நிலையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு காத்திருக்கச் சொல்லுங்கள். யு.எஃப்.டி. ஒன்னில் ஆப்ஜெக்டுக்காகக் காத்திருக்கும் நேரம் இயல்பாக 20 நொடிகள்; மெதுவான திரைகளுக்கு அந்த இடத்தில் மட்டும் கூடுதல் காத்திருப்பைக் கொடுங்கள்.