கேளுங்க, சொல்றோம்: ஃப்ளைட் டிஸ்பாட்சர் வேலை

கேள்வி: பி.எஸ்சி. இயற்பியல் கடைசி வருஷம் படிக்கிறேனுங்க. கோவையில் ஒரு பயிற்சி நிலையத்தில் ஆறு மாசக் கோர்ஸ், இரண்டரை லட்சம், முடிச்சதும் டிஜிசிஏ டிஸ்பாட்சர் லைசென்ஸ் கைக்கு வந்துடும்னு சொல்றாங்க. தோப்புக் குத்தகைப் பணத்தைத் தர்றேன்னு அப்பா சொல்லிட்டார். சேரலாமுங்களா?
– கா. ம., பொள்ளாச்சி

பதில்: அந்தப் பணம் அப்பாவிடமே இருக்கட்டும். டிஸ்பாட்சர் என்பவர் விமானம் போகிற வழியையும் எரிபொருளையும் தரையிலிருந்தே கணக்கிட்டுத் தருபவர். அவருக்கு இங்கே டிஜிசிஏ (சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) கொடுப்பது லைசென்ஸ் இல்லை, அங்கீகாரம். அதையும் நீங்களாக விண்ணப்பித்து வாங்கிவிட முடியாது. விமான நிறுவனம் முதலில் உங்களை வேலைக்கு எடுக்க வேண்டும். தன்னிடம் இருக்கிற விமான ரகத்துக்குப் பாடம் நடத்தி, தேர்வு வைத்து, அனுபவமுள்ள டிஸ்பாட்சர் பக்கத்தில் உட்காரவைத்துப் பழக்கிய பிறகு, நிறுவனமே அங்கீகாரத்துக்கு அனுப்பும். ஏர்பஸ் 320-இல் பழகியவர் நாளைக்கு ஏடிஆர் ஓட்டும் நிறுவனத்துக்கு மாறினால், அந்த ரகத்தைத் திரும்பப் படிக்கத்தான் வேண்டும். ஆக, வெளி நிலையம் தருவது வெறும் பயிற்சிச் சான்றிதழ். அதை லைசென்ஸ் என்று சொல்லி விற்றால், மற்ற வாக்குறுதிகளையும் அதே கண்ணால் பாருங்கள்.

நேர்வழி இரண்டு. ஒன்று, நிறுவனங்கள் அவ்வப்போது வெளியிடும் பயிற்சி டிஸ்பாட்சர் விளம்பரம். ப்ளஸ் டூ-வில் இயற்பியலும் கணிதமும் படித்திருப்பது அங்கே கைகொடுக்கும். இரண்டு, கிரவுண்ட் ஹேண்ட்லிங்கில் (விமான நிலையத் தரைப் பணிகளில்) சேர்ந்து, லோடு அண்ட் ட்ரிம், அதாவது விமானத்தின் எடையைப் பங்கிட்டுச் சமன் செய்யும் கணக்கைக் கற்று, உள்ளிருந்தே மாறுவது. இரண்டாவது மெதுவான வழிதான். ஆனால் சரக்கை முன் அறையிலிருந்து பின் அறைக்கு மாற்றினால் விமானத்தின் எடைமையம் எப்படி நகர்கிறது என்பதைக் கையால் போட்டுப் பார்த்தவருக்கு இந்த வேலை சீக்கிரம் பிடிபடும்.

கேள்வி: பையன் டிஸ்பாட்சர் ஆகணும்கிறான். பிளேன் முன்னாடி நின்னு ரெண்டு கையிலயும் குச்சி காட்டுவாங்களே, அதுங்களா?
– ஒரு அம்மா, பெருந்துறை

பதில்: இல்லீங்கம்மா, அவர் மார்ஷலர். டிஸ்பாட்சர் விமானத்தைக் கண்ணால் பார்க்காமலே ஒரு ஷிஃப்டை முடித்துவிடுவார். எந்த வழியில் போவது, எவ்வளவு உயரத்தில் பறப்பது, எவ்வளவு எரிபொருள் ஏற்றுவது, போகிற ஊரில் இறங்க முடியாவிட்டால் எங்கே திருப்புவது என்பதையெல்லாம் கணக்கிட்டு பைலட் கையில் கொடுப்பவர் அவர். விமானம் பறக்கும்போதும் கண்காணிப்பார். கடைசி முடிவு கேப்டனுடையது.

கோவையிலிருந்து டெல்லிக்கு ஏர்பஸ் 320 ஒன்று போவதாக வைத்துக்கொள்வோம். விளங்குவதற்காக ஒரு மாதிரிக் கணக்கு: பயணத்துக்கு 6,800 கிலோ. எதிர்பாராத செலவுக்கு அதில் 5 சதவீதம், அதாவது 340. மாற்று நிலையமான ஜெய்ப்பூர் போக 1,500. அங்கே 1,500 அடி உயரத்தில் 30 நிமிடம் வட்டமடிக்க 1,150. தரையில் ஓட 200. மொத்தம் 9,990 கிலோ. டிசம்பர் விடியலில் ஜெய்ப்பூரிலும் பனிமூட்டம் என்று முன்னறிவிப்பு வந்தால் மாற்று அகமதாபாத் ஆகும், 1,500 இருந்த இடத்தில் 2,700 வரும். கூடுதலாக ஏற்றும் 1,200 கிலோவைச் சுமந்து போகவே இன்னும் நூறு கிலோ போல எரியும். இறங்கும்போது எடை வரம்பு மீறும் என்றால் சரக்கைத்தான் இறக்க வேண்டும். சரக்குப் பிரிவுக்காரர் போனில் சத்தம் போடுவார். போடட்டும்.

கேள்வி: வீட்டிலிருந்தே எதைப் பழகினால் நேர்முகத் தேர்வில் நிற்கலாம்?
– சு. வி., திருப்பூர்

பதில்: வானிலைச் செய்தி. கோவை விமான நிலையத்தின் மெட்டார் (குறியீடுகளில் வரும் வானிலை அறிக்கை) இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும், குறியீடு விஓசிபி. தினம் காலையில் ஒன்றை எடுத்து நோட்டில் பிரித்து எழுதுங்கள். உதாரணமாக 150030 ஜூலு (கிரீன்விச் நேரம்), காற்று 24008, பார்வை 2500, வெப்பம் 23/22, அழுத்தம் 1012 என்றிருந்தால்: நம் நேரப்படி 15-ஆம் தேதி காலை 6 மணி, 240 டிகிரியிலிருந்து 8 நாட் (மணிக்கு 8 கடல் மைல்) காற்று, 2,500 மீட்டர் வரை தெரிகிறது, அழுத்தம் 1012 ஹெக்டோபாஸ்கல். இதில் கவனிக்க வேண்டியது 23/22. வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் (காற்றின் ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) ஒரே டிகிரிதான் வித்தியாசம். காற்றும் அடங்கினால் பார்வை இன்னும் குறையலாம். எண்ணை வாசிக்க எல்லோருக்கும் வரும், இதைச் சொல்கிறவரைத்தான் எடுப்பார்கள்.

நிறையப் பேர் சறுக்குவது தேதியில். ஜூலு நேரத்தோடு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். 142030 என்றால் நம் கணக்கில் 15-ஆம் தேதி அதிகாலை 2 மணி. 14 என்று எழுதினால் ஒரு நாள் தப்பான முன்னறிவிப்பை வைத்துத் திட்டம் போட்டதாகிவிடும்.

அடுத்தது குறுக்குக் காற்று. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். கோவை ஓடுபாதை 05/23, அதாவது அதன் இரு திசைகள் ஏறக்குறைய 50 டிகிரி, 230 டிகிரி. 23 பக்கம் இறங்கும்போது காற்று 260 டிகிரியிலிருந்து 25 நாட் என்றால் கோண வித்தியாசம் 30. சைன் 30 அரை. குறுக்குக் காற்று 12.5 நாட். எதிர்க்காற்று ஏறக்குறைய 22. இதைக் கால்குலேட்டர் இல்லாமல் போடுங்கள்.

பிறகு மாற்று நிலையம். கோவைக்குக் கொச்சியும் கோழிக்கோடும் பக்கம்தான், ஆனால் தென்மேற்குப் பருவமழையில் இரண்டும் ஒரே மேகத்தில் நனையும். அந்த மாதங்களில் மலைக்கு இந்தப் பக்கம் திருச்சியைப் பாருங்கள். பெங்களூருவும் ஆகும், ஆனால் டிசம்பர், ஜனவரி விடியலில் அங்கே பனிமூட்டம். கிலோமீட்டரை மட்டும் பார்த்து மாற்று சொல்கிறவரை அடுத்த கேள்வியிலேயே மடக்கிவிடுவார்கள். நோட்டாம்களையும் (பைலட்டுகளுக்கான அறிவிப்புகள்) படியுங்கள். ஓடுபாதை சில மணி நேரம் மூடல் என்று ஒரு வரி நடுவில் கிடக்கும், அதைத் தவறவிட்டால் மற்ற கணக்கெல்லாம் வீண்.

கேள்வி: அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ தரும் டிஸ்பாட்சர் சான்றிதழ் வாங்கினால் இங்கே நேராக வேலை கிடைக்குமா?
– ப. ரா., நாமக்கல்

பதில்: கிடைக்காது. அங்கே குறைந்தது 200 மணி நேரப் பயிற்சி, 80 கேள்வி எழுத்துத் தேர்வு, 70 மதிப்பெண் தேர்ச்சி, பிறகு செய்முறைத் தேர்வு. எழுத்துத் தேர்வை 21 வயதில் எழுதலாம், சான்றிதழ் 23-இல்தான். படிப்பு கெட்டியானது, பயோடேட்டாவுக்கும் அழகு. ஆனாலும் இங்கே சேர்ந்தால் நிறுவனத்தின் பயிற்சியும் டிஜிசிஏ அங்கீகாரமும் தனியாக வேண்டும். அமெரிக்காவில் வேலை செய்ய விசா வேறு கதை. கடன் வாங்கிப் போகாதீர்கள்.

கேள்வி: கண்ணாடி போட்டிருக்கிறேன். கோவையிலேயே வேலை பார்க்க முடியுமா?
– தே. மு., சூலூர்

பதில்: கண்ணாடி தடையில்லை. பைலட்டுக்கு இருப்பதுபோன்ற மருத்துவச் சான்றைப் பன்னாட்டு விதி டிஸ்பாட்சரிடம் கேட்பதில்லை. நிறுவனம் தன் வழக்கமான உடல் பரிசோதனையை வைத்துக்கொள்ளும். கோவையிலேயே என்பதுதான் சிரமம். விமானத் திட்டங்களைப் பெரும்பாலும் நிறுவனத்தின் மையக் கட்டுப்பாட்டு அறையில்தான் போடுகிறார்கள், பெரிய நிறுவனங்களுக்கு அது குருகிராம் பக்கம். கோவை விமான நிலையம் இருக்கும் பீளமேட்டில் கிடைப்பது லோடு அண்ட் ட்ரிம், ரேம்ப் (விமானம் நிற்கும் தளம்) வேலைகள். வடக்கே போகத் தயார் என்றால் இந்தியும் கொஞ்சம் பேசிப் பழகுங்கள். இரவு ஷிஃப்ட் மாறி மாறி வரும், அதை வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.