பேய்ப்படம் எடுக்கணும்னு சொல்ற பையனை என்ன செய்வது?

பையனை என்ன படிக்கவைப்பது என்று ஆலோசனை கேட்டு, போன வாரம் பாலக்கோடு பக்கமிருந்து ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. தக்காளி மண்டி வைத்திருக்கும் அப்பா, அம்மா, கூடவே தாய்மாமன். பையன் பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு. சின்ன பட்ஜெட்டில் பேய்ப்படம் எடுக்கிற இயக்குநர் ஆகவேண்டுமாம். அம்மா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. மாமா எதிரில் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

அண்ணா, உங்கள் பயம் புரிகிறது. ஆனால் மச்சான் பேச்சைக் கேட்டு நிலத்தை அடமானம் வைக்காதீர்கள். மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கிவிட்டால் ஓசூரில் வேலை என்கிறார். கோடிங் என்றாலே எழுந்து போகிற பையன் அரியர் வைத்துப் பாதியில் நின்றால், வட்டி கட்ட எந்தச் சொந்தக்காரரும் வரமாட்டார்.

அதே கண்டிப்பு தம்பிக்கும் உண்டு. வீட்டுப் பணத்தில் முதல் படம் என்ற பேச்சே கூடாது. அமெரிக்க இயக்குநர் ஜார்ஜ் ரொமெரோ விளம்பரப் படங்கள் எடுத்துப் பிழைத்துக்கொண்டே, 1968-ல் வெளிவந்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' பேய்ப்படத்தை எடுத்தார். செலவு சுமார் 1,14,000 டாலர். வினியோகஸ்தர் தலைப்பை மாற்றியபோது பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப்போனது. அதனால் படத்துக்கு உரிமை இல்லாமல் போய், உலகமே அதைக் காசு கொடுக்காமல் போட்டுப் பார்த்தது. எடுத்தவர்களுக்கு வரவேண்டிய பணம் பெரும்பகுதி வரவில்லை. கையில் வேறு பிழைப்பு இருந்ததால்தான் அவரால் அடுத்த படத்துக்குப் போக முடிந்தது.

விஸ்காம் என்கிற காட்சித் தொடர்பியல் படிப்பு, உதவி இயக்குநர் வாய்ப்பெல்லாம் நீங்களே கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் சொல்ல வந்தது வேறு. தம்பியின் குறும்படத்தை ஹெட்போன் மாட்டி இரண்டு தடவை பார்த்தேன். பேய் மேக்கப்பில் பயம் வரவில்லை. மாந்தோப்பில் ஓடிக்கொண்டிருந்த பம்புசெட் மோட்டார் சட்டென்று நின்றதே, அங்கே முதுகு சில்லிட்டது. யாரும் சொல்லித்தராமல் செய்திருக்கிறான். இவனுக்குக் காதுதான் சொத்து.

தரமணியில் தமிழ்நாடு அரசு எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ஒலிப்பதிவுக்கென்றே 4 ஆண்டு பட்டப்படிப்பு அங்கே உண்டு. பொறியியல் கலந்தாய்வில் வராது. தனி விண்ணப்பம், இடங்கள் குறைவு. அரசு நிறுவனம் என்பதால் நிலத்தைத் தொட வேண்டியதில்லை.

இந்த வேலையைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். ஒரு வீட்டில் காட்சி எடுத்து முடித்ததும், எல்லாரையும் அரை நிமிடம் அசையாமல் நிறுத்தி அந்த அறையின் அமைதியைப் பதிவு செய்வார்கள். வசனங்களுக்கு நடுவே வெட்டு தெரியாமல் ஒட்ட அது வேண்டும். காலடி, கதவின் கிறீச்சு, புடவை உரசல் எல்லாம் பிறகு ஸ்டூடியோவில் திரையைப் பார்த்தபடியே உண்டாக்குவது, ஃபோலி என்பார்கள். அப்புறம் டப்பிங், கடைசியில் எல்லா ஒலியையும் அளவாகச் சேர்க்கிற மிக்ஸிங். காசில்லாத பேய்ப்படத்துக்கு உயிரே இதுதான். கிராபிக்ஸ் பேய்க்கு லட்சங்கள் வேண்டும். மூடிய கதவுக்குப் பின்னால் கேட்கிற மூச்சுக்கு ஒரு நல்ல மைக் போதும். சீரியல், விளம்பரம், டப்பிங் படம் என்று எல்லாவற்றுக்கும் ஒலி ஆள் தேவை. சொந்தப் படத்துக்குக் காத்திருக்கும் வருஷங்களில் அடுப்பு எரியும். புனே திரைப்படக் கல்லூரியில் ஒலி படித்த ரசூல் பூக்குட்டி 2009-ல் ஆஸ்கர் வாங்கினார். அங்கே சேர ஒரு பட்டம் முடித்திருக்க வேண்டும். அதைப் பிறகு பார்க்கலாம்.

அண்ணி, மொரப்பூரில் ரயில் ஏறினால் சென்னை. சாப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை தம்பி மட்டும் வரட்டும், மாமா வேண்டாம். அந்த மோட்டார் சத்தத்தை எவ்வளவு தூரத்தில் போனை வைத்துப் பிடித்தான், ஏன் அந்த இடத்தில் நிறுத்தினான் என்று அவன் வாயால் கேட்க வேண்டும்.