வாங்கலாமா, வேண்டாமா? – இந்த முறை வேகக் கார்கள்

போன முறை கிரைண்டர் கல் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினேன், நான்கு கடிதம் வந்தது. அதிலேயே போகிற போக்கில் 'நண்பருடைய எம்340ஐ-யில் ஏறினேன்' என்று அரை வரி எழுதியதற்கு வந்தவற்றை எண்ணவே இல்லை. சரி, ஊர் கேட்பதைத்தானே எழுத வேண்டும். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், திட்டுகளையும் சேர்த்து.

கேள்வி: எங்கள் அபார்ட்மென்ட்டில் கார்ப் பைத்தியங்கள் மூன்று பேர். மூவரும் பி.எம்.டபிள்யூ எம்340ஐ-தான் எடுத்திருக்கிறார்கள். பார்த்தால் சாதாரண 3 சீரிஸ் மாதிரிதான் இருக்கிறது. அப்படி என்னதான் இருக்கிறது அதில்? – மடிப்பாக்கம் வாசகர்

பார்த்தால் சாதாரணமாக இருக்கிறது என்பதே பாதிக் காரணம். ஆபீஸ் பார்க்கிங்கில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், பின்சீட்டில் அம்மாவையும் மாமியாரையும் உட்கார வைத்துக் காஞ்சிபுரம் போய் வரலாம், டிக்கியில் அரிசி மூட்டை போகும், அதே வண்டி நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 4.4 வினாடியில் தொட்டுவிடும்.

மீதிப் பாதி பானெட்டுக்கு அடியில் இருக்கிறது. பி58 என்று அந்த இன்ஜினுக்குப் பெயர். மூன்று லிட்டர், ஒரு டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற விசிறி), ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில். டொயோட்டா சுப்ராவுக்கும் இதே இன்ஜின்தான் போனது. ஆறும் வரிசையாக நின்றால் ஒரு பிஸ்டனின் உதறலை இன்னொரு பிஸ்டன் அடக்கிவிடும். நாலு சிலிண்டரில் அந்தக் கணக்கு முழுதாகத் தீராது, அதனால்தான் பலவற்றில் அதிர்வைக் கொல்லத் தனியாக ஷாஃப்ட் போட்டுச் சுற்ற விடுகிறார்கள். நண்பர் இன்ஜினை ஓட விட்டு, மேல்மூடியில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை விளிம்பில் நிறுத்திக் காட்டினார். இரண்டு தடவை சாய்ந்தது, மூன்றாவது தடவை நின்றது, அப்படியே நின்றுகொண்டிருந்தது. என் காரில் அதைச் செய்தால் நாணயத்தைப் பக்கத்துத் தெருவில் போய்ப் பொறுக்க வேண்டும்.

மூன்றாவது காரணம் நம்ம ஊர்ப்பக்கம். மறைமலைநகரைத் தாண்டி மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007-லிருந்து பி.எம்.டபிள்யூ தொழிற்சாலை இருக்கிறது. 2021 மார்ச்சில் இந்தக் கார் வந்தபோது உதிரிகளாக இறக்கி அங்கேதான் கோர்த்தார்கள். 387 எச்பி, ஷோரூம் விலை 62.90 லட்சம். (பிறகு வந்த மாடலில் 374 என்று குறைத்துச் சொன்னார்கள், ஓட்டுகிறவருக்கு வித்தியாசம் தெரியாது.) முழுக் காராகக் கப்பலில் வந்திருந்தால் சுங்க வரியே காரின் விலைக்குப் பக்கத்தில் போயிருக்கும். 2023-ல் முழு இறக்குமதியாக வந்த மெர்சிடிஸ் ஏ.எம்.ஜி சி43 வண்டியின் விலை 98 லட்சம், அதில் இருப்பதோ நாலே சிலிண்டர். உங்கள் அபார்ட்மென்ட் பைத்தியங்கள் பைத்தியம் இல்லை, கணக்குப் போட்டுத்தான் வாங்கியிருக்கிறார்கள்.

குறையும் உண்டு. கையால் கியர் போடுகிற மாடல் கிடையாது, எட்டு கியர் ஆட்டோமேட்டிக் மட்டும்தான். ஸ்டியரிங் துல்லியம், ஆனால் கொஞ்சம் ஊமை, ரோடு என்ன சொல்கிறது என்பது கைக்கு முழுதாக வராது. அப்புறம் பெரிய குறை, சென்னைக்குள் காருக்கு வேக வரம்பு 60, குடியிருப்புத் தெருவில் 30. முழுதாக மிதிக்க வேண்டுமென்றால் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குப் போங்கள். 1990-லிருந்து அது அங்கே எதற்காக இருக்கிறது? விடிகாலை ஈ.சி.ஆரில் மீன் கூடையோடு சாலையைக் கடக்கிற பெண்மணி உங்கள் 4.4 வினாடிக்குப் பொறுப்பில்லை.

கேள்வி: டர்போ காருக்குச் சாதா பெட்ரோல் போடலாமா? – கொளத்தூர்

பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்தால் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். படியுங்கள்.

கேள்வி: வயது 24. மாதச் சம்பளம் கைக்கு 45,000. ஸ்போர்ட்டியாக ஒரு கார் வேண்டும். புது ஹூண்டாய் ஐ20 என் லைனா, பழைய ஃபோக்ஸ்வேகன் போலோ ஜி.டி டி.எஸ்.ஐ-யா? அப்பா வேண்டாம் என்கிறார். – பெரம்பூர்

தம்பி, அப்பா எதை வேண்டாம் என்கிறார், காரையா கடனையா? கடனை என்றால் அவர் பக்கம்தான் நான்.

ஐ20 என் லைன் ஒரு லிட்டர் டர்போ, 120 எச்பி. இருங்காட்டுக்கோட்டையில், ரேஸ் டிராக் இருக்கிற அதே ஊரில் செய்கிறார்கள். 2023-லிருந்து ஆறு கியர் மேனுவலும் வருகிறது, அதை எடுங்கள், இடது காலுக்கும் வேலை இருந்தால்தான் ஓட்டக் கற்றுக்கொள்வீர்கள். போலோ ஜி.டி டி.எஸ்.ஐ அருமையான வண்டி, ஆனால் 2022-லேயே போலோ இங்கே நின்றுவிட்டது. பழைய 1.2 லிட்டர் மாடலில் இருப்பது உலர் கிளட்ச் வைத்த ஏழு கியர் டி.எஸ்.ஜி என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். அதற்குள் கியர் மாற்றுவதைக் கவனிக்க மெக்கட்ரானிக்ஸ் என்று ஒரு பெட்டி இருக்கிறது, அது போனால் பில் உங்கள் இரண்டு மாதச் சம்பளத்தை விழுங்கிவிட்டு மேலே கேட்கும். முழு சர்வீஸ் ரெக்கார்டு இல்லாமல் கிட்டே போகாதீர்கள்.

கேள்வி: என் கணவர் ஒரு யூஸ்டு கார் கடையில் 2019 மாடல் டர்போ செடான் ஒன்றை 14 லட்சத்துக்கு வாங்கினார். ஒரே ஓனர், 38,000 கி.மீ. என்று பில்லிலேயே எழுதிக் கொடுத்தார்கள். முதல் சர்வீஸுக்குக் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் விட்டபோது, இரண்டு வருடத்துக்கு முன்பே 91,000 ஓடியிருந்ததாக அவர்கள் கம்ப்யூட்டரில் வருகிறது. கடையில் போன் எடுப்பதில்லை. அவர் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. – தாம்பரம் வாசகி

அம்மா, முதலில் அவரைச் சாப்பிடச் சொல்லுங்கள். ஏமாந்தது அவர் தப்பு இல்லை. இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் முன்னால் நம்மைப் போன்றவர்கள் எம்மாத்திரம்? நானே ஏமாந்தவன். பழைய ஃபியட் பாலியோ 1.6 ஜி.டி.எக்ஸ் ஒன்றை ஒரு புரோக்கரிடம் வாங்கினேன், 100 எச்பி என்றதும் மற்றது எதுவும் காதில் விழவில்லை. மீட்டரில் 42,000. பிரேக் பெடல் ரப்பரோ சோப்பு வில்லை மாதிரி வழுவழுவென்று தேய்ந்திருந்தது. நாற்பதாயிரம் கிலோமீட்டரில் அது அப்படித் தேயாது. பார்த்தேன், காலையும் வைத்தேன், மூளைக்கு ஏறவில்லை. அந்தக் காரை விற்றுவிட்டு இப்போது ஊரில் யார் வண்டியைப் பார்த்தாலும் குனிந்து பெடல் ரப்பரைப் பார்க்கிறேன்.

உங்கள் கையில் பலமான சாட்சி இருக்கிறது, பில்லில் கிலோமீட்டரை எழுதித் தந்திருக்கிறார்கள். அந்த பில்லைப் பத்திரப்படுத்துங்கள். ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் ஹிஸ்டரியை அச்சடித்துச் சீல் போட்டு வாங்குங்கள். கடைக்கு ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள், கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 50 லட்சத்துக்குள் இருப்பதால் அங்கேதான் போக வேண்டும். 14 லட்சத்துக்கு மனுக் கட்டணம் 400 ரூபாய், வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட்டாக வேண்டும். மீட்டரைத் திருத்தி விற்பது மோசடி, போலீஸிலும் தனியாகப் புகார் கொடுக்கலாம்.

கடையில் வாங்கியதால் இந்த வழி இருக்கிறது. தன் சொந்தக் காரை விற்கிற தனி ஆளிடம் வாங்கியிருந்தால் நுகர்வோர் ஆணையம் கை கொடுக்காது, சிவில் கோர்ட்டும் போலீஸும்தான். என்ன ஆயிற்று என்று மறக்காமல் எழுதுங்கள்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் டர்போ கார் எடுத்தேன். 'ஸ்டேஜ் ஒன் ரீமேப் போட்டிருக்கு, எக்ஸாஸ்டும் மாத்தியிருக்கு' என்று ஓனர் சொன்னார், சந்தோஷமாக இருந்தது. நாலே மாதத்தில் டர்போ போய்விட்டது. வாரன்டி இன்னும் ஒரு வருடம் இருந்தும் கம்பெனி மறுக்கிறது. வழக்குப் போடலாமா? – போரூர்

யார் மேல்? விற்றவர் மறைக்கவில்லை, நீங்கள் சந்தோஷப்பட்டிருக்கிறீர்கள். இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றினால் டர்போவில் காற்றழுத்தம் கூடும், வெப்பம் கூடும், ஒர்க்‌ஷாப் லேப்டாப்பைச் சொருகினால் அது தெரிந்துவிடும். அப்படி மாற்றினால் வாரன்டி போய்விடும் என்று வாரன்டிப் புத்தகத்தில் பச்சையாக எழுதியிருக்கிறது. கார் வாங்குகிற அன்றைக்கு அதை யாரும் திறப்பதில்லை, ரிப்பேர் அன்றைக்குத்தான் திறக்கிறார்கள், பிறகு எனக்கு எழுதுகிறார்கள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காவது மாற்றத்தைச் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். எக்ஸாஸ்ட் மாற்றியதற்கு, வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிற மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு தனியாகக் காத்திருக்கிறது. நானும் ஜி.பி. ரோட்டில் 'ஸ்போர்ட்ஸ் ஏர் ஃபில்டர்' ஒன்று மாட்டிக்கொண்டு வந்தவன்தான், சத்தம் கூடியது, மைலேஜ் குறைந்தது, வேகம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் அது 3,000 ரூபாய்த் தப்பு.

கேள்வி: ஷோரூம் விலையும் ஆன்ரோடு விலையும் இவ்வளவு தள்ளி இருப்பது ஏன்? 50 லட்சம் காருக்குக் கொட்டேஷனில் பாதி என்னவென்றே புரியவில்லை. – அண்ணா நகர்

வாருங்கள், இந்தக் கேள்விக்குத்தான் உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் காகிதத்தை மேஜையில் விரித்து, பேனாவால் ஒவ்வொரு வரியாக வாருங்கள். சாலை வரி நியாயம்தான், தமிழ்நாட்டில் 2023 கடைசியிலிருந்து 20 லட்சத்துக்கு மேல் போகிற காருக்கு 20 சதவீதம், வலிக்கும், வேறு வழியில்லை. டி.சி.எஸ் என்று 1 சதவீதம் இருக்கும். 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு வருமான வரித்துறைக்காக டீலர் பிடிப்பது அது, ரிட்டர்ன் போடும்போது கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்ப வாங்கலாம். 50 லட்சம் காருக்கு 50,000 ரூபாய். படித்தவர்களே இதை 'ஏதோ வரி' என்று விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அடுத்தது இன்ஷூரன்ஸ். ஷோரூமில்தான் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அதே கம்பெனி, அதே பாலிசி, வெளியே கேட்டால் வேறு விலை வரும். 'வெளியே போட்டால் கேஷ்லெஸ் வராது சார்' என்பார்கள். கேஷ்லெஸ் என்பது இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் இருக்கிற ஏற்பாடு, பாலிசியை விற்றது யார் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள், பேச்சு நின்றுவிடும்.

அதற்குக் கீழே வரும் பாருங்கள், ஹேண்ட்லிங் சார்ஜ், லாஜிஸ்டிக்ஸ், எசென்ஷியல் கிட், டெஃப்லான் கோட்டிங், மேனேஜர் கையெழுத்துப் போட்ட பேனாவுக்குக் காசு மட்டும்தான் பாக்கி. காரைத் தொழிற்சாலையிலிருந்து ஷோரூமுக்குக் கொண்டுவருவது அவர்கள் வேலை, ஷோரூம் விலையிலேயே அது அடங்கிவிட்டது. நான் ஒரு தடவை எசென்ஷியல் கிட்டுக்கு 11,000 கட்டிவிட்டு வீட்டில் வந்து பிரித்தேன். நாலு மிதியடி, ஒரு சாவிக் கொத்து, ஒரு முதலுதவிப் பெட்டி, ஒரு வாசனை டப்பா. மிதியடி மட்டும் இன்னும் இருக்கிறது, வாசலில், நாய் படுப்பதற்கு.

இந்தச் சார்ஜ்களை அடித்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுங்கள், 'சிஸ்டத்தில் வராது சார்' என்பார்கள், காபி குடியுங்கள், வரும். இன்னொன்று, காருக்கு நீங்கள் கொடுக்கிற பணம் 50 லட்சத்தைத் தாண்டினால் பின்னால் சண்டை என்று வரும்போது மாவட்ட ஆணையம் எடுக்காது, 2 கோடி வரை மாநில ஆணையம்தான்.

கேள்வி: பாண்டி நம்பரில் ஒரு எம்340ஐ வருகிறது, இங்கே உள்ளதைவிட நாலு லட்சம் குறைவு. எடுக்கலாமா? – நீலாங்கரை

அந்த நாலு லட்சத்தைத் தனியாக எடுத்து வையுங்கள், தேவைப்படும். வேறு மாநிலப் பதிவு வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்தே ஆக வேண்டும். பாண்டியிலிருந்து என்.ஓ.சி (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும், வண்டியின் வயதுக்கு ஏற்ப இங்கே வாழ்நாள் வரி கட்ட வேண்டும். முதல் ஓனர் பாண்டியில் உண்மையிலேயே குடியிருந்தாரா, வரியை மிச்சம் பிடிக்க வாடகை ஒப்பந்தம் மட்டும் குடியிருந்ததா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வேளச்சேரியில் வீடு. தாழ்வான கார் எடுக்கப் பயமாக இருக்கிறது. – வேளச்சேரி

பயம் நியாயம்தான். மழை எச்சரிக்கை வந்தால் மேம்பாலத்தில் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்துகிற ஊர்க்காரர் நீங்கள். இன்ஜின் புரொடெக்‌ஷன் என்ற கூடுதல் கவர் கட்டாயம் போடுங்கள், சாதாரண பாலிசியில் தண்ணீர் குடித்த இன்ஜினுக்குப் பொதுவாகக் கிளெய்ம் கிடைக்காது. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது, இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். தண்ணீர் அழுத்தத்துக்கு மசியாது, பிஸ்டன் அதில் முட்டினால் கனெக்டிங் ராடு வளையும்.

பழைய கார் என்றால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கழுவுகிறவர்கள் சீட்டைக் கழுவுவார்கள், கார்ப்பெட்டை மாற்றுவார்கள், சுருளுக்குள் இருக்கிற கடைசி ஒரு முழம் பெல்ட்டை மறந்துவிடுவார்கள். அதில் செம்மண் கோடு தெரிந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: புதுக் கார் டெலிவரி எடுத்து ஆறு மாதம் ஆகிறது. டயர் இரண்டு வருடம் பழசு என்று பஞ்சர் கடைக்காரர் சொல்கிறார். மாற்றித் தருவார்களா? – குரோம்பேட்டை

டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2324 என்றால் 2024-ன் 23-வது வாரம். டெலிவரி அன்று காருக்கு மாலை போட்டு போட்டோ எடுத்தீர்களே, அப்போது குனிந்து பார்த்திருக்கலாம். கேட்டுப் பாருங்கள், எனக்கு நம்பிக்கை இல்லை.

கேள்வி: எனக்குப் பளிச்சென்ற நீலம் பிடிக்கிறது. வெள்ளை எடுத்தால்தான் ரீசேல் நன்றாக இருக்கும் என்கிறார்கள். – மயிலாப்பூர்

இருக்கும். நீலமே எடுங்கள்.