கராஜில் ஓடும் அண்ணனின் பிரீசர்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். மாதம் 1,800 ரேண்டுக்கு ப்ரீபெய்ட் கரண்ட் வாங்கியும் 25ஆம் தேதிக்குள் தீர்ந்துவிடுகிறது. எங்கள் பிரிட்ஜுக்கு ஒன்பது வயது. புது இன்வெர்ட்டர் பிரிட்ஜ் 9,999 ரேண்ட். மாதம் 450 வீதம் 36 தவணை. கரண்ட் மிச்சத்திலேயே தவணை கழிந்துவிடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? கராஜில் அண்ணனின் பெரிய பிரீசரும் ஓடுகிறது, அவர் வீட்டில் இடமில்லை.

பதில்: அம்மா, சூடான கறியை உள்ளே வைக்காதீர்கள், கதவைத் திறந்துபோட்டுப் பேசாதீர்கள் என்றெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடிதத்தின் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதினீர்களே, அந்தப் பிரீசரைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு ராத்திரி கீசரை அணைத்துவிட்டு, பத்து மணிக்கு மீட்டரில் மீதி எத்தனை யூனிட் என்று குறித்து வையுங்கள். காலை ஆறு மணிக்குத் திரும்பப் பாருங்கள். மறுநாள் ராத்திரி பிரீசரையும் நிறுத்திவிட்டு அதேபோல் பாருங்கள். நிறைந்த பிரீசர் திறக்காமல் இருந்தால் எட்டு மணி நேரம் தாங்கும். இரண்டு ராத்திரிக்கும் 0.8 யூனிட் வித்தியாசம் வந்தால், நாளுக்கு 2.4, மாதத்துக்கு 72 யூனிட். வரியோடு யூனிட் மூன்றரை ரேண்ட் என்று வைத்தால் 252 ரேண்ட். வருடத்துக்கு மூவாயிரம்! டர்பன் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே பகலில் இன்னும் கூடத்தான் இழுக்கும்.

இப்போது கடைக்காரர் கணக்கு. புது பிரிட்ஜால் நாளுக்கு ஒரு யூனிட் குறையும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மாதம் 105 ரேண்ட் மிச்சம், கட்டுவதோ 450. மொத்தம் 16,200, அதாவது ரொக்க விலையைவிட 6,200 கூடுதல். எந்த மிச்சத்தில் எது கழிகிறது? தேசியக் கடன் சட்டப்படி கையெழுத்துக்கு முன்பே முழுச் செலவையும் எழுதித் தர வேண்டும்; அதைக் கேளுங்கள், வட்டி, மாதக் கட்டணம், காப்பீடு எல்லாம் அதில் தெரியும்.

அப்புறம், இன்வெர்ட்டர் என்றதும் மின்வெட்டிலும் ஓடும் என்று நம்பி வாங்கியவர்கள் உண்டு. அது கம்ப்ரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற அமைப்பு, அவ்வளவுதான். பேட்டரி அல்ல.

பழைய பிரிட்ஜுக்கு ஒரே சோதனை போதும். கதவிடுக்கில் ஒரு இருபது ரேண்ட் நோட்டை வைத்து மூடி இழுங்கள். லேசாக வந்துவிட்டால் ரப்பர் போய்விட்டது, அதை மட்டும் மாற்றுங்கள். பின்பக்கக் கம்பிகளில் தூசி இருந்தால் பிளக்கைக் கழற்றிவிட்டுத் துடையுங்கள். உள்ளே 4 டிகிரி போதும்.

அண்ணனிடம் காசு கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். காசு கேட்காதீர்கள், நாள் சொல்லுங்கள். புரட்டாசியில் எப்படியும் வீட்டில் கறி கிடையாது. ஜூலையில் வாங்கிய மத்தியும் கிறிஸ்துமஸுக்கென்று பதுக்கிய ஆட்டுக்கறியும் அந்த மாதம் முழுக்க உங்கள் கரண்டில் சும்மா உறைந்து கிடக்கும். "மாசம் பிறக்கிறதுக்குள்ள காலி பண்ணிடுங்க அண்ணா, கராஜ் எங்களுக்கு வேணும்" என்றால் அவருக்குப் புரியும். முடியாது என்றால் மாதம் 250 தரட்டும்.

கறியெல்லாம் காலியானதும், அவர் பக்கியோடு (சின்ன சரக்கு வண்டியோடு) பிரீசரை எடுக்க வருவதற்கு முதல் நாளே சுவிட்சை அணைத்து, கீழே பழைய துண்டுகளை விரித்து வையுங்கள். ஐஸ் கரைந்து தண்ணீர் கராஜ் முழுக்க ஓடும்.