சிறப்புச் சொற்பொழிவுக்கு யாரை அழைப்பது?

கேள்வி: எங்கள் கலை, அறிவியல் கல்லூரியில் ஆண்டுதோறும் மார்ச் 8 அன்று பெண்ணுரிமை குறித்து வெளியிலிருந்து ஒருவரை அழைத்துச் சிறப்புச் சொற்பொழிவு நடத்துகிறோம். பெண்ணின் பொறுமையையும் தாய்மையையும் புகழ்வதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. மாணவியர் கைப்பேசியில் மூழ்கிவிடுகிறார்கள். இம்முறை பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. சர்ச்சை எதுவும் வேண்டாம் என்கிறார் முதல்வர். நான் என்ன செய்யலாம்?
- உதவிப் பேராசிரியர் ஒருவர், மதுரை மாவட்டம்

பதில்: அன்புள்ள பேராசிரியருக்கு,

பேச்சாளரைத் தேடுவதற்கு முன்னால் தலைப்பை முடிவு செய்யுங்கள். ‘பெண்களும் சமுதாயமும்’ என்று கொடுத்தால், எவ்வளவு படித்தவரும் பொதுவாகப் பேசிவிட்டுப் பொன்னாடையோடு விடைபெறுவார். மாணவியரின் வீடுகளில் இப்போதே நடந்துகொண்டிருக்கும் ஒன்றை எடுங்கள். என்னைக் கேட்டால் சொத்துரிமையைச் சொல்வேன்.

பெண்ணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று 1929-ல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானம் நிறைவேற்றியது. தமிழ்நாட்டில் அது சட்டமாவதற்கு 60 ஆண்டுகள் ஆயின. 1989-ல் வந்த மாநிலத் திருத்தம், இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பால் பங்கு உண்டு என்றது. ஆனால் அவ்வாண்டு மார்ச் 25-க்கு முன்பே மணமாகிவிட்ட மகள்களை விட்டுவிட்டது. 2005-ல் மத்திய அரசின் திருத்தம் அந்த வேறுபாட்டையும் நீக்கியது. அத்திருத்தம் நடைமுறைக்கு வந்த நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இவ்வளவுக்குப் பிறகும் சார்பதிவாளர் அலுவலகங்களில் நடப்பது வேறாக இருக்கிறது. மணமாகிப் போன தங்கையை வரவழைத்து, ஒரு பட்டுப்புடவையும் கொஞ்சம் பணமும் கொடுத்து, சொத்தில் தன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுப்பதாகச் சொல்லும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். மறுத்தால் பிறந்த வீட்டுப் போக்குவரத்து நின்றுவிடும், பிள்ளைகளின் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் வராது என்ற அச்சமே அவளைக் கையெழுத்திட வைக்கிறது. உங்கள் மாணவியரின் தாய்மாரிலும் அப்படிக் கையெழுத்திட்டவர்கள் இருப்பார்கள். அந்தப் பத்திரத்தின் மாதிரி ஒன்றைத் திரையில் காட்டி, அதன் ஒவ்வொரு வரியும் எதை விட்டுக்கொடுக்கிறது என்று ஒரு வழக்கறிஞர் விளக்கினால், யாரும் கைப்பேசியைத் தேட மாட்டார்கள். கிறிஸ்தவ, இஸ்லாமிய மாணவியருக்கு வாரிசுரிமை வேறு சட்டங்களின்படி அமைவதால், அதையும் சேர்த்துப் பேசும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்குப் புகழ்பெற்ற பேச்சாளர் தேவையில்லை. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குக் கல்லூரியிலிருந்து கடிதம் எழுதி, குடும்ப வழக்குகளை நடத்தும் பெண் வழக்கறிஞர் ஒருவரை அனுப்பும்படி கேளுங்கள். கல்லூரிகளில் சட்ட விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்துவது அவர்களின் பணிகளுள் ஒன்று. வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு அங்கே இலவச சட்ட உதவி உண்டு என்பதை அவரே மேடையில் சொல்லட்டும்.

அவரோடு ஜவுளிக்கடையில் வேலை செய்யும் பெண் ஒருவரையும் அழையுங்கள். விற்பனைப் பணியாளர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. நாள் முழுவதும் நின்றால் காலும் இடுப்பும் என்ன பாடுபடும், மாதவிலக்கு நாளில் அது எப்படி இருக்கும், சட்டம் வந்த பிறகு கடையில் நாற்காலி வந்ததா என்பதை அவரைப் போல் வேறு யாரும் சொல்ல முடியாது. பெண்ணியம் என்பது படித்தவர்களின் பேச்சு என்று எண்ணியிருக்கும் மாணவிக்கு இந்தப் பேச்சு மிக அவசியம்.

நேரத்தைப் பற்றியும் கண்டிப்பாக இருங்கள். வரவேற்புரை, வாழ்த்துரை, நினைவுப் பரிசு என்று பாதி நேரம் கரைந்துவிடும். அவற்றைப் பத்து நிமிடத்துக்குள் முடித்து, மொத்த நேரத்தில் பாதியைக் கேள்விகளுக்கு ஒதுக்குங்கள். எழுந்து கேட்கத் தயங்குபவர்களுக்காக, ஒரு வாரம் முன்பே நூலகத்தில் பெட்டி வைத்து, பெயரில்லாத துண்டுச்சீட்டுகளைச் சேகரித்துப் பேச்சாளருக்கு அனுப்பிவிடுங்கள்.

முதல்வரிடம் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளை எடுத்துக் காட்டுங்கள். பாலியல் துன்புறுத்தல் குறித்து விழிப்புணர்வு ஏற்படுத்துவதும், உள்ளகப் புகார்க் குழு அமைப்பதும் அதன்படி கல்லூரியின் கடமை. அக்குழுவின் உறுப்பினர்களை அன்றைய மேடையிலேயே அறிமுகப்படுத்தி, சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும் என்பதையும் அறிவியுங்கள். ஆண் மாணவர்களுக்கும் மூன்றாம் பாலினத்தவருக்கும் நேரும் துன்புறுத்தலையும் அந்த ஒழுங்குமுறைகள் கருத்தில் கொண்டுள்ளன. ஆகவே ஆண் மாணவர்களும் அவையில் இருக்கட்டும். நாளை தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தை நீட்டும் இடத்தில் இருக்கப்போகிறவர்கள் அவர்கள்தாம்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். வழக்கறிஞருக்கு எவ்வளவு மதிப்பூதியம் தருகிறீர்களோ, அதையே கடையில் வேலை செய்யும் அந்தப் பெண்ணுக்கும் தாருங்கள். அன்றைக்கு அவர் சம்பளத்தை இழந்து வருகிறார். பேருந்துக் கட்டணத்தோடு அனுப்பிவிட வேண்டாம்.