மழைக்காலத்தில் மூர்லாண்ட் (மரமில்லாத, புதர் படர்ந்த மேட்டுநிலம்) சதுப்புப் பாதையில் சைக்கிள் புதைகிறது. ஓரமாகச் சுற்றிப் போகலாமா?

தயவுசெய்து வேண்டாம், நடுவிலேயே போங்கள். இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்டில் லாங்செட்டிலிருந்து டெர்வென்ட் பள்ளத்தாக்குக்குப் போகும் கட் கேட் பாதையை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே காலடியில் இருப்பது சாதாரணச் சேறு இல்லை, பீட். செடிகள் நீரில் ஊறி, முழுதாக மக்காமல் படிந்த கரிய மண். ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். ஆளுக்கு ஆள் ஓரம் ஒதுங்கினால் ஒற்றையடிப் பாதை அகன்று, பல நூறு ஆண்டு மண் மழையோடு கரைந்துவிடும்.

சரி, எப்படிக் கடப்பது? நிறத்தைப் பாருங்கள். பளிச்சென்ற இளம்பச்சைப் பாசி இருந்தால் அடியில் தண்ணீர். வெள்ளைப் பஞ்சுத் தலையாட்டும் புல்லும் ஈரத்தின் அடையாளம்தான். பழுப்பான ஹெதர் புதர் நிற்கும் இடம் ஓரளவு உறுதி. இறங்கும் முன்பே லேசான கியருக்கு மாறிவிடுங்கள். உடம்பைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, முன்சக்கரத்தை இலகுவாக்கி, ஒரே சீராக மிதியுங்கள். முன்பிரேக்கைத் தொட்டால் சக்கரம் குத்திக்கொண்டு நிற்கும், நீங்கள் ஹேண்டில்பாரைத் தாண்டிப் பறப்பீர்கள். டயரில் காற்று சற்றுக் குறைவாக இருந்தால் பிடிமானம் கூடும்.

அச்சு வரை புதைகிறதா? இறங்கித் தூக்கிக்கொண்டு நடங்கள், அதுவும் பாதை மேலேயே. தொடர்மழைக்குப் பிறகு என்றால் நான் அந்தப் பக்கமே போவதில்லை, கல் பாவிய வேறு பாதைக்குப் போய்விடுவேன்.

அப்புறம், பிரேக் பேடைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மணல் கலந்த சேற்றில் ஆர்கானிக் பேட் (பிசினால் பிணைத்த மென்மையான வகை) சீக்கிரம் தேயும். சின்டர்ட் பேட் (உலோகத்தூளைச் சூடாக்கி இறுக்கியது) கூடுதலாகத் தாங்கும்.